லைன் பிஸி... நிஜமாகவா?

ஒருவருக்குப் போன் செய்கிறீர்கள். கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? 'பிஸி', 'எடுக்கலை', 'ஸ்விட்ச் ஆஃப்', 'நாட் ரீச்சபிள்'. நீங்கள் கடன் கொடுத்தவராக இருந்தால் 'வேணும்னே எடுக்கலை'. ஆக மொத்தம் ஐந்து காரணம்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சைக் கேட்டுப் பாருங்கள். அது 1-ல் ஆரம்பித்து 127-ல் முடிகிற ஒரு பட்டியலை எடுத்து நீட்டும். நடுவில் சில எண்கள் காலி. மற்றதெல்லாம் காரணங்கள். 1 என்றால் அப்படி ஒரு நம்பரே யாருக்கும் கொடுக்கப்படவில்லை. 17 என்றால் ஆசாமி வேறு யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறார். 19 என்றால் மணி அடித்தது, எடுக்கவில்லை. 20 என்றால் செல்போனை அணைத்துவிட்டார், அல்லது டவர் இல்லாத இடத்தில் இருக்கிறார். 21, வேண்டாமென்று மறுத்துவிட்டார் (கடன் கேஸ்). 22, நம்பர் மாறிவிட்டது. 28, ஒரு இலக்கம் குறைகிறது, சரியாகப் போடு.

34 தெரியுமா? தெரியும். அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு எஸ்.டி.டி. பூத்தில் நின்ற தலைமுறைக்கு நன்றாகவே தெரியும். இந்தத் தடத்தில் எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் இருக்கின்றன, கொஞ்ச நேரம் கழித்து வா என்று ஓர் அம்மாள் மூன்று மொழியில் மாறி மாறிச் சொல்வார். அவர் படித்தது 34-ஆம் நம்பருக்கான பதவுரை. ஆசாமியின் வீட்டுப் போன் சும்மாதான் இருக்கும். நடுவழியில்தான் ரோடு இல்லை.

பட்டியலுக்குப் பெயர் க்யூ.850. போட்டது ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசத் தொலைத்தொடர்பு யூனியன். போன் கட்டாகும்போதெல்லாம் எக்ஸ்சேஞ்சுகள் தமக்குள் இந்த நம்பரைப் பரிமாறிக்கொள்கின்றன. பேசி முடித்து ஒழுங்காக வைத்தால்கூட 16 என்று ஒன்று போகிறது. நமக்குக் காதில் விழுவது 'டொய்ங் டொய்ங்' மட்டும்.

நான் பி.காம். டெபிட், கிரெடிட், பாங்க் ரீகன்சிலியேஷன், அதற்கு மேல் தெரியாது. இந்தப் பட்டியலெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நியாயமாகவே கேட்பீர்கள். என் மனைவியின் தம்பி ஒருவன் இருக்கிறான். சென்னையில் ஒரு கால் சென்டரில் நெட்வொர்க் டிபார்ட்மென்ட். ராத்திரி பூரா வேலை, பகலில் என் வீட்டு சோபாவில் தூக்கம். அவனைப் பற்றிப் பிறகு வருகிறேன். முதலில் இரண்டாவது பட்டியல்.

ஆமாம், பட்டியல் இரண்டு. வில்லங்கமே அங்கேதான்.

போன் இன்டர்நெட்டுக்குக் குடிபெயர்ந்தபோது அங்கே 'சிப்' என்று ஒரு புது பாஷை உண்டாக்கினார்கள். செஷன் இனிஷியேஷன் புரோட்டோகால் என்பது முழுப்பெயர். மறந்துவிடலாம், சிப் போதும். நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்னிங் ஷூல்ஸ்ரின்னும் வேறு மூன்று பேரும் எழுதிய முதல் பதிப்பு 1999 மார்ச்சில் வெளியானது. திருத்திய பதிப்பு 2002 ஜூனில் வந்தது. இன்றும் அதுதான் அடிப்படை. இவர்கள் ஜெனீவா பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கலாம். எடுக்கவில்லை. இன்டர்நெட் ஆட்கள் அல்லவா? வெப்சைட்டுகள் பேசிக்கொள்ளும் எண் வரிசையை மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். இல்லாத வெப்சைட் பக்கத்தைத் தட்டினால் '404' என்று திரையில் வருமே, அந்த வம்சம்.

அதன்படி, நீங்கள் நம்பர் போட்டதும் 100 வருகிறது. 'இரு, பார்க்கிறேன்.' பிறகு 180. 'மணி அடிக்குது.' பிறகு 200. 'எடுத்துட்டாங்க, பேசு' (காசு ஓடத் தொடங்குவதும் இங்கேதான்). 404 என்றால் அப்படி ஒரு ஆளே இல்லை. 480, இப்போதைக்குக் கிடைக்கமாட்டார். 486, இங்கே பிஸி. 5-ல் ஆரம்பித்தால் சர்வர் தகராறு. உதாரணம் 503, 'இப்ப என்னால சேவை பண்ண முடியாது'. 6-ல் ஆரம்பித்தால் சர்வநாசம், உலகத்தில் எங்கே தேடினாலும் நடக்காது என்று அர்த்தம். 600 என்றால் எல்லா இடத்திலும் பிஸி. 603 என்றால் 'மாட்டேன் போ'.

இந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது 402. 'பணம் கட்டு' என்று பெயர். எதிர்கால உபயோகத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இன்ஜினீயர்கள் எழுதிய பட்டியலில் பணத்துக்கு ஒரே ஒரு வரி, அதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். காமர்ஸ்காரன் ஒருவனைக் கமிட்டியில் போட்டிருந்தால் விட்டிருப்பானா?

'இதெல்லாம் யாரோ கம்ப்யூட்டர்காரங்க சமாச்சாரம்' என்று பக்கத்தைத் திருப்பாதீர்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது அதில் பழைய பாணிப் பேச்சு லைனே கிடையாது. முழுக்க 4ஜி. அந்தப் பேச்சை ஏற்பாடு செய்வது சிப்தான். மற்றக் கம்பெனிகளின் 4ஜி பேச்சுக்கும் அதே. உங்கள் சட்டைப் பையில் இருக்கிற போன், நீங்கள் ஆபீஸ் லிஃப்டுக்குள் நுழைந்து சிக்னல் இழப்பதற்குள் எத்தனை 100, 180, 200 பார்த்திருக்கும் தெரியுமா?

ஆனால், பழைய எக்ஸ்சேஞ்சுகள் ஒரே ராத்திரியில் மறைந்துவிடவில்லை. உலகம் பூராவும் சிப் பேசுகிறவர்களும் க்யூ.850 பேசுகிறவர்களும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறார்கள். ஒரே அழைப்பு சிப்பில் புறப்பட்டு, பழைய கம்பிக்குள் நுழைந்து, மறுபடி சிப்பில் வெளியே வந்து போகும். நடுவில் எல்லைக்கு எல்லை ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை. அந்தப் பெட்டிக்கு கேட்வே என்று பெயர். அதற்குள்ளே ஒரு அட்டவணை. இந்தப் பக்கம் 17 வந்தால் அந்தப் பக்கம் 486 கொடு. அந்தப் பக்கம் 404 வந்தால் இந்தப் பக்கம் 1 கொடு. அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? சிப்காரர்கள் 2002 டிசம்பரில் இதற்கென்றே ஒரு ஆவணம் போட்டார்கள். ஆர்.எப்.சி. 3398. எந்த எண்ணுக்கு எந்த எண் என்று அதில் வரிசையாகப் போட்டிருக்கிறது. படித்துப் பார்த்தால், எனக்குத் தெரிந்த ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வந்தது. அது அந்நியச் செலாவணி.

ரூபாயைக் கொடுத்து டாலர் வாங்கி, அந்த டாலரையே திருப்பிக் கொடுத்து ரூபாய் வாங்கிப் பாருங்கள். போட்ட ரூபாய் திரும்பாது. நடுவில் ரெண்டு தடவை கமிஷன். அதே கதைதான். ஒரு எக்ஸ்சேஞ்ச் 34 என்று சொல்கிறது. 'லைன் காலி இல்லை.' எல்லையில் அது 503 ஆகிறது. அடுத்த எல்லையில் 503 திரும்பப் பழைய பாஷைக்கு மாறும்போது, அட்டவணைப்படி 41 ஆகிவிடுகிறது. 'ஏதோ தற்காலிகக் கோளாறு.' கூட்டம் என்று புறப்பட்ட சேதி ரிப்பேர் என்று போய்ச் சேருகிறது.

இதாவது பரவாயில்லை. 19-ஐப் பாருங்கள். 'மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை.' அது 480 ஆகிறது. 480 திரும்பும்போது 18. அதற்கு அர்த்தம் அந்தப் போனிலிருந்து அசைவே இல்லை என்பது. அடித்த மணி அடிக்காத மணியாகிவிட்டது! சரி, நிஜமான 18 எங்கே போயிற்று? அது 408 ஆகி, 102 ஆகி, 'டைமர் தீர்ந்துவிட்டது' என்று எங்கேயோ நிற்கிறது. தேர்தல் பூத்தில் உங்கள் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டுப் போக, நீங்கள் அடுத்த வார்டில் நிற்பது மாதிரி.

எல்லாமே இப்படி இல்லை. 17 போனால் 486 ஆகி 17-ஆகவே பத்திரமாகத் திரும்புகிறது. 22-ம் 28-ம் அப்படியே. ஆனால் 19, 20, 31 மூன்றுமே 480 என்கிற ஒரே உண்டியலில் விழுகின்றன. உண்டியலிலிருந்து எடுக்கும்போது எது யார் போட்ட காசு? எங்கள் தொழிலில் இதை சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்போம். எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியாத தொகையையெல்லாம் அதில் தள்ளிவிட்டு ஆடிட்டர் வரும்வரை நிம்மதியாக இருக்கலாம்.

எழுதியவர்கள் மேல் குற்றமில்லை. இரண்டு பட்டியலும் வேறு வேறு ஆட்கள் வேறு வேறு காரியத்துக்காகப் போட்டவை. ஒன்றுக்கு ஒன்று பொருந்தும் என்று எதிர்பார்த்தால்தான் தப்பு. அதனால்தான் கேட்வே விற்கிற கம்பெனிகள் அட்டவணையை நீங்களே மாற்றிக்கொள்ள வசதி வைத்திருக்கின்றன. சிஸ்கோ கேட்வேயில் 'செட் பிஎஸ்டிஎன்-காஸ் 34 சிப்-ஸ்டேட்டஸ் 503' என்று ஒரு வரி தட்டினால் போதும். இப்படி வரிக்கு வரி மாற்றலாம். எதிர்த் திசைக்கும் இதேபோல் வரி உண்டு. தட்டுவதற்கு அரை நிமிஷம். எதைத் தட்டுகிறோம் என்று புரிந்துகொள்ள அரை ஆயுள்.

ஏன் இவ்வளவு அலட்டிக்கொள்ள வேண்டும்? கிடைக்காத போன், எந்த நம்பர் காரணமாகக் கிடைக்காவிட்டால் என்ன?

அங்கேதான் சூட்சுமம். இந்த நம்பர்களை மனிதர்கள் படிப்பதில்லை. மெஷின் படிக்கிறது, படித்துவிட்டு உடனே ஒரு முடிவு எடுக்கிறது. 503 வந்தால் 'இந்த வழி அடைச்சிருக்கு' என்று அடுத்த கேரியர் வழியாக முயற்சி செய்யும். 486 வந்தால் செய்யாது. ஆசாமியே பிஸி, எந்த ரோட்டில் போனால் என்ன? 404 வந்தாலும் செய்யாது, ஆளே இல்லை. இப்போது அட்டவணையில் ஒரே ஒரு வரி தப்பு என்று வையுங்கள். நிஜ பிஸி 503-ஆக மாறிவிட்டது. மெஷின் என்ன செய்யும்? முதல் கேரியர், இரண்டாவது, மூன்றாவது, நாலாவது என்று வரிசையாக எல்லா வீட்டுக் கதவையும் தட்டும். எல்லாக் கதவும் கடைசியில் அதே பிஸி ஆசாமியிடம்தான் போகும். நீங்கள் காதில் போனை வைத்துக்கொண்டு மயான அமைதியைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

503-க்கு இன்னொரு குணம். 'இத்தனை விநாடி கழித்து வா' என்று கூடவே ஒரு சீட்டு கொடுக்கலாம். கொடுத்தால், அதுவரை அந்த சர்வருக்கு வேறு எந்த அழைப்பையும் அனுப்பக் கூடாது. ஒரு கிராமத்துக்குப் போகிற தடம் நிரம்பியதற்காக ஒரு கேட்வே இப்படிச் சீட்டோடு 503 அடித்தால், அந்த கேட்வே வழியாக மற்ற ஊர்களுக்குப் போக வேண்டிய அழைப்பும் நின்றுபோகும். ஒரு பெஞ்சில் இடமில்லை என்பதற்காக ஓட்டலையே சாத்தியது போல. சிப்பை எழுதியவர்களுக்கு இது தெரிந்துதான் இருந்தது. நடுவில் நிற்கும் சர்வர், கீழேயிருந்து வந்த 503-ஐ அப்படியே மேலே அனுப்பாதே, 500-ஆக மாற்றி அனுப்பு என்று 2002 பதிப்பில் எழுதி வைத்தார்கள்.

சரி, மச்சானுக்கு வருவோம்.

அவன் கம்பெனியின் வேலை, அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் எடுத்தவர்களுக்குப் போன் செய்து 'உங்கள் பாலிசி முடியப் போகிறது, புதுப்பியுங்கள்' என்று ஞாபகப்படுத்துவது. நம்பர் போடுவது மனிதர் இல்லை, டயலர் என்கிற மெஷின். எடுத்தால் உடனே காலியாக இருக்கும் பையனுக்குக் கொடுக்கும். 486 வந்தால் பத்து நிமிஷம் கழித்துப் போடும். 480 வந்தால் சாயந்திரம் போடும். 404 வந்தால் 'இந்த நம்பர் செத்துப்போச்சு' என்று லிஸ்ட்டிலிருந்தே அடித்துவிடும். மறுபடி போடவே போடாது. நல்ல புத்திசாலித்தனமான ஏற்பாடு. வருகிற நம்பர் நிஜமாக இருக்கிறவரை.

ஒரு மாதம், லிஸ்ட் வேகமாகக் கரைய ஆரம்பித்தது. மூன்று வாரத்துக்கு வரவேண்டிய நம்பர்கள் பத்து நாளில் தீர்ந்துவிட்டன. பையன்களுக்குப் பேசிய கணக்கில்தான் இன்சென்டிவ். ஹெட்போனை மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர், லிஸ்ட் அனுப்பிய அமெரிக்க ஆபீஸைத் திட்டினார். அவர்கள் 'எங்கள் லிஸ்ட்டில் தப்பில்லை, உங்க பசங்க வேலை செய்யலை' என்று திருப்பித் திட்டினார்கள். அந்த மாதம் இன்சென்டிவ் வெட்டு. அதில் ஒரு பையன் அந்தப் பணத்தை நம்பித்தான் அக்காவின் வளைகாப்புக்குத் தேதி வைத்திருந்தான்.

"மாமா, ஒரு சந்தேகம். பத்துல மூணு பேரு ஒரே வாரத்துல நம்பரை சரண்டர் பண்ணிட்டாங்கன்னா நம்புவீங்களா?" என்றான் மச்சான், சோபாவில் படுத்தபடியே.

"நம்பமாட்டேன் மாப்ளே. பத்துல மூணு வாரா கடன்னு எந்த பாங்க் சொன்னாலும் ஆர்.பி.ஐ. வந்து நிக்கும்."

"அதான் நானும் சொல்றேன். ஆனா மெஷின் 404-ங்குது. மெஷின் பொய் சொல்லுமான்னு மேனேஜர் கேக்கறாரு."

"நம்பர் செத்துப்போச்சுன்னு சொல்றது யாரு? மெஷினா, இல்ல அதுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா? வவுச்சரைப் பாரு மாப்ளே. லெட்ஜரை நம்பாதே."

நான் பொதுவாகச் சொன்னேன். கணக்கெழுதுகிறவன் வேறு எதைச் சொல்வான்? ஆனால் அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். ஏனென்றால் சிப்பில் நிஜமாகவே வவுச்சர் உண்டு. 'ரீசன்' என்று ஒரு வரி. அதுவும் 2002 டிசம்பரில் வந்த ஏற்பாடுதான். மேலே 404 என்று போட்டாலும், கீழே 'க்யூ.850, காஸ் 34' என்று மூலக் காரணத்தைத் துண்டுச் சீட்டாகச் செருகி அனுப்பலாம். கட்டாயமில்லை. சில கேரியர்கள் அனுப்பும், சில அனுப்பாது. இவர்களுடைய கேரியர் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. யாரும் படிக்கவில்லை.

அன்று ராத்திரி போய்ப் படித்தான். கவரில் 404. உள்ளே சீட்டில் 34. வரிசையாக, பக்கம் பக்கமாக. நம்பர்கள் எல்லாம் உயிரோடுதான் இருந்தன. கேரியர் பக்கத்தில் லைன் போதவில்லை. அங்கே யாரோ புது கேட்வே மாட்டியபோது, அட்டவணையில் 34-க்கு எதிரே 404 என்று போட்டுவிட்டார்கள். 503 என்று வந்திருந்தால் டயலர் இரண்டாவது கேரியர் வழியாகப் போட்டிருக்கும், கதை முடிந்திருக்கும்.

மாற்றச் சொல்லிக் கேட்டார்கள். கேரியர் இரண்டு நாள் மறுத்தது. சீட்டைக் காட்டியதும் மாற்றியது. அடித்துப் போட்ட நம்பர்களையெல்லாம் மீட்டு மறுபடி போட்டபோது, சில பேருடைய பாலிசி அதற்குள் காலாவதியாகியிருந்தது. சென்னையில் இன்சென்டிவ் வெட்டியது திரும்பி வந்தது, அடுத்த மாதச் சம்பளத்தில். வளைகாப்பு முன்னாலேயே நடந்துவிட்டது, கைமாற்று வாங்கி.

இந்தத் துறையில் புதிதாக இருக்கும் இளைஞர்களுக்கு மச்சான் சொல்வது இது. புது லைன் எடுத்தால் கையால் போன் போட்டுப் பார். பிஸியாக இருக்கும் நம்பருக்கு ஒன்று, அணைத்து வைத்த செல்லுக்கு ஒன்று, இல்லவே இல்லாத நம்பருக்கு ஒன்று, எடுக்காமல் விடச் சொல்லி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் என்ன நம்பர் வந்தது என்று எழுதி வை. அப்புறம் கையெழுத்துப் போடு. அரை நாள் வேலை. இதை அநேகம் பேர் செய்வதில்லை. மணி அடிக்கிறதா, பேச்சு கேட்கிறதா என்று பார்த்துவிட்டு, வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்.

இவர்கள் கேரியர் செய்தது கவனக்குறைவு. வேண்டுமென்றே செய்வதற்கும் இதில் வழி இருக்கிறது. சொன்னால் உங்களில் எம்.காம். படித்தவர்கள் புன்னகை செய்வீர்கள். கேரியர்களுக்கு மார்க் போடுவது இரண்டு விகிதத்தில். ஏ.எஸ்.ஆர். என்பது நூறு அழைப்பில் எத்தனை எடுக்கப்பட்டது என்பது. என்.இ.ஆர். என்பது நெட்வொர்க் தன் கடமையைச் செய்ததா என்பது. இரண்டாவதில், ஆசாமி பிஸி என்றாலோ எடுக்கவில்லை என்றாலோ அது நெட்வொர்க் குற்றமில்லை, பாஸ் மார்க். லைன் இல்லை என்றால்தான் ஃபெயில். ஆகவே உன்னிடம் லைன் இல்லாதபோது 34-ஐ எடுத்துவிட்டு 17 என்று போட்டால்? நீ பாஸ். ஆசாமி பிஸி. பாலன்ஸ் ஷீட்டில் இதற்கு 'விண்டோ டிரெஸ்ஸிங்' என்று பெயர், பி.காம். இரண்டாம் வருஷத்தில் எட்டு மார்க் கேள்வி.

பொய்ச் சேதியால் என்ன பெரிய நஷ்டம் வந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு நாலு கோடி டாலர் கதை ஒன்று இருக்கிறது. நடந்தது அமெரிக்காவில்.

அங்கே நகரத்திலிருந்து கிராமத்துக்குப் போன் செய்தால், அழைப்பைக் கொண்டுவந்து கொடுக்கும் கம்பெனி, கிராமத்துச் சின்னக் கம்பெனிக்கு வாசல் கூலி கட்ட வேண்டும். கிராமத்தில் வீடுகள் தூரம் தூரமாக இருப்பதால் கூலி அதிகம். பெரிய கம்பெனிகள் செலவைக் குறைக்க, 'யார் மலிவாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பீர்கள்?' என்று இடைத்தரகர்களிடம் அழைப்பைத் தள்ளிவிட்டன. அவர் இன்னொருவரிடம். அவர் வேறொருவரிடம். கை மாறிக் கை மாறி, சில அழைப்புகள் எங்கோ காணாமலே போயின. 2010-ஐ ஒட்டிய வருஷங்களில் புகார்கள் குவிந்தன. பள்ளிக்கூடம் பெற்றோரைப் பிடிக்க முடியவில்லை. கடைக்கு ஆர்டர் வரவில்லை. வயதான அம்மாவுக்கு மகன் போட்ட போன் கிடைக்கவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், போட்டவருக்குக் காதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் போனில் சத்தமே இல்லை. வழி இன்னும் கிடைக்காத அழைப்புக்கு நடுவிலிருக்கும் மெஷினே 'டிரிங் டிரிங்' என்று போலி மணி அடித்துக் காட்டியது. அமைதியாக இருந்தால் வாடிக்கையாளர் வைத்துவிடுவாரே! மகன் என்ன நினைப்பான்? 'அம்மா வீட்டில் இல்லை.' அம்மா என்ன நினைப்பாள்? 'பையன் கூப்பிடவே மாட்டேங்கறான்.' இரண்டு பேருமே கம்பெனிக்குப் புகார் எழுதமாட்டார்கள். அவர்களுக்குள்தான் மனஸ்தாபம்.

இதனால்தான் எனக்கு போலி மணி, போலி பிஸியைவிட மோசம் என்று தோன்றுகிறது. பிஸி என்றாலாவது மறுபடி போடுவோம்.

அமெரிக்க அரசின் தொலைத்தொடர்பு அமைப்பான எப்.சி.சி. 2013-ல் விதி போட்டது. அந்தப் பக்கம் நிஜமாக மணி அடிக்காமல் இந்தப் பக்கம் மணிச் சத்தம் கொடுக்கக் கூடாது. 2014 ஜனவரியில் அமலுக்கு வந்தது. இதற்கெல்லாம் ஒரு விதியா என்று சிரித்தவர்கள் இருக்கலாம். டி-மொபைல் கம்பெனி சிரிக்கவில்லை. அது 2007-லிருந்தே, இணைப்பு கிடைக்க நேரமானால் தானே மணி அடித்துக் காட்டும் ஏற்பாட்டை வைத்திருந்தது. 2013-ல் அதை சிப் வழித்தட அட்டவணைகளுக்கு மாற்றிக்கொண்டது. நிறுத்தவில்லை. விஸ்கான்சின் மாநிலத்தில் மூன்று கிராமப்புறக் கம்பெனிகளின் வாடிக்கையாளர்களுக்குப் போன் போகவில்லை என்று புகார் வந்தது. 'சரி பண்ணிவிட்டோம்' என்றது கம்பெனி. புகார் நிற்கவில்லை. துருவிப் பார்த்ததில் போலி மணி வெளியே வந்தது. பத்து, இருபது இல்லை, கோடிக்கணக்கான அழைப்புகளில். 2018 ஏப்ரலில் தப்பை ஒப்புக்கொண்டு நாலு கோடி டாலர் அபராதம் கட்டியது.

நாலு கோடி டாலர்! ஒரு அட்டவணையில் உட்கார்ந்திருந்த ஏற்பாட்டுக்கு. 402-ஐ ஒதுக்கி வைத்தவர்கள் இந்த ரசீதைப் பார்த்திருக்க வேண்டும்.

கடைசியாக, பட்டியலில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர். அமெரிக்காவில் ரோபோ அழைப்புத் தொல்லை தலைக்கு மேல் போனது. 603 என்றால் 'மாட்டேன்', சரி. ஆனால் 'இப்ப வேண்டாம்' என்பதற்கும் 'நீ யாருன்னே தெரியாது, இனி இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காதே' என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா? நெட்வொர்க்குக்கு அதைச் சொல்ல ஒரு நம்பர் வேண்டும். அதே ஷூல்ஸ்ரின் (நடுவில் எப்.சி.சி.யிலேயே தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்தவர்) முதலில் வரைவில் போட்ட நம்பர் 666. பைபிளில் அது சாத்தான் பக்கத்து நம்பர். பேராசிரியருக்கும் குசும்பு உண்டு. பிறகு 607 என்று சாதுவாக மாறி, 2017 ஜூலையில் அமலாயிற்று. 'வேண்டாத அழைப்பு.'

அடுத்தது 608, 2019 டிசம்பரில். இதில் மறுப்பது மனிதர் இல்லை, நடுவில் உட்கார்ந்து 'இது தொல்லை அழைப்பு மாதிரி இருக்கு' என்று முடிவு செய்யும் மெஷின். மெஷின் தப்பாக முடிவு செய்தால்? ஆஸ்பத்திரியிலிருந்து ரிப்போர்ட் சொல்ல வந்த அழைப்பைத் தொல்லை என்று தள்ளிவிட்டால்? அதற்காக, 608 சொல்கிற மெஷின், 'என் முடிவு தப்பென்றால் இங்கே முறையிடவும்' என்று தொடர்பு விலாசத்தையும் கூடவே கொடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். இது எனக்கு ரொம்பப் பிடித்த விதி. நம் ஊர் ஆபீஸ்களில் மனுவைத் திருப்பி அனுப்பும்போது இப்படி யாராவது விலாசம் தருகிறார்களா?

ஒரு சிக்கல். 1-லிருந்து 127 வரை உள்ள பழைய பட்டியலில் விலாசம் எழுத இடம் ஏது? எல்லையைத் தாண்டினால் சீட்டு கிழிந்துவிடும். அந்தப் பக்கம் 608 புரியாத போன் இருந்தால் என்ன செய்வது என்றும் அவர்கள் யோசித்திருக்கிறார்கள். நம்பரை மட்டும் அனுப்பிச் சும்மா இருக்காதே, வாயால் ஒரு அறிவிப்பு போட்டுச் சொல்லிவிடு என்கிறது விதி.

ஆக, எஸ்.டி.டி. பூத் அம்மாளுக்கு வேலை போகவில்லை.